ஆக்சிலேட்டரை மிதித்தால் கார் ஸ்பீக்கரில் ‘ஙொய்ய்’ என்று சத்தம் வருவது ஏன்?

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் இந்தச் சத்தத்துக்கு ஆல்டர்னேட்டர் இரைச்சல் என்று பெயர். ஆல்டர்னேட்டர் என்பது எஞ்சின் ஓடும்போது காருக்கு மின்சாரம் தயாரிக்கும் கருவி; அது தரும் மின்சாரத்தில் எப்போதும் சிறு ஏற்ற இறக்கம் இருக்கும். ஸ்டீரியோவுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் கார் பாடியில் வெவ்வேறு இடத்தில் எர்த் கொடுத்து, அதில் ஒன்று சரியாகப் பிடிக்காவிட்டால், அந்த ஏற்ற இறக்கம், ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிள் வழியாகப் பாட்டில் கலந்துவிடும். சாக்கடையை ஒட்டிய கிணற்றில் கழிவு ஊறுவது மாதிரிதான்.

சிஸ்டத்தை அணைத்து, ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஆர்சிஏ கேபிளைக் கழற்றிவிட்டு, சிஸ்டத்தை மட்டும் மறுபடி ஆன் செய்து பாருங்கள். அப்போதும் சத்தம் வந்தால் முதலில் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தைத்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலும் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் இருக்கும். தகரம் பளபளக்கும்வரை சுரண்டி இறுக்குங்கள். கேபிளைக் கழற்றியதுமே சத்தம் நின்றால் கோளாறு கேபிளிலோ ஸ்டீரியோ பக்கமோ இருக்கிறது.

ஸ்பீக்கர் போய்விட்டது என்று பலர் புதிது வாங்கிவிடுகிறார்கள்; கிழிந்த ஸ்பீக்கர் பாட்டோடு சேர்ந்து கரகரக்குமே தவிர, எஞ்சின் வேகத்துக்கேற்ப ஊளையிடாது.