வாசகர் கேள்வி பதில்: பட்டினி இருந்தால் புற்றணுக்களின் தூது நின்றுவிடுமா?

கேள்வி: என் அக்காளுக்கு மார்பகப் புற்றுநோய், கீமோதெரபி நடந்துகொண்டிருக்கிறது. பட்டினி கிடந்தால் ‘ஆட்டோஃபஜி’ தொடங்கி, புற்றணுக்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் குமிழ்களை உடலே தின்றுவிடும் என்று புலனத்தில் ஒரு காணொலி வந்தது. தைப்பூசத்துக்கு ஆண்டுதோறும் விரதம் இருந்தவள்தானே என்று சொல்லி, இப்போது ஒருவேளை மட்டுமே சாப்பிடுகிறார். இதில் உண்மை உண்டா?
— வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: காணொலியில் சொன்னது முழுப் பொய்யாக இருந்தால் ஒரே வரியில் மறுத்துவிடலாம். பாதி உண்மையாக இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

உயிரணு தனக்குள் பழுதான, உபரியான பகுதிகளை ஒரு சவ்வால் சுற்றிக் கட்டி, லைசோசோம் என்னும் அமிலப் பைக்குக் கொண்டுபோய்ச் செரித்துக்கொள்கிறது. இதைத்தான் ஆட்டோஃபஜி, அதாவது தன்னுண்ணல் என்கிறோம். 1963இல் இந்தப் பெயரைச் சூட்டியவர் கிறிஸ்டியன் டி டுவே. இதன் மரபணுக்களை ஈஸ்ட்டில் கண்டறிந்த யோஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றார். பட்டினி பற்றிய காணொலிகளில் அவர் பெயர் தவறாமல் வந்துவிடும். ஆனால் அவர் பட்டினி போட்டது ஈஸ்ட்டைத்தான், நோயாளிகளை அல்ல.

குமிழ்களின் கதை வேறு. உயிரணுவுக்குள் ஒரு பை உண்டு. அதன் சவ்வு உள்நோக்கிப் பிதுங்கிப் பிதுங்கி, பைக்குள்ளேயே நுண்குமிழ்கள் நிறைகின்றன. அந்தப் பை அணுவின் வெளிச்சவ்வோடு ஒட்டித் திறந்தால் உள்ளிருக்கும் குமிழ்கள் வெளியே கொட்டுகின்றன. இவையே எக்சோசோம்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர் அளவுள்ளது. 1983இல் மொன்ட்ரியலிலும் செயின்ட் லூயிஸிலும் இரண்டு ஆய்வுக் குழுக்கள், முதிர்ந்துவரும் சிவப்பணுக்களில் இதைக் கவனித்தன. சிவப்பணு முதிரும்போது இரும்பை உள்வாங்கும் ஏற்பிகள் அதற்குத் தேவையில்லாமல் போகின்றன. அவற்றைக் குமிழ்களில் ஏற்றி வெளியே தள்ளிவிடுகிறது. அதே சிவப்பணு, ஆற்றலை உருவாக்கும் தன் உள்ளுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் தன்னுண்ணல் வழியாக உள்ளேயே செரித்துக்கொள்கிறது. ஒரே வீட்டில் ஒரு பொருளைக் கொல்லைப்புறத்தில் எரித்துவிட்டு, இன்னொன்றைக் குப்பை லாரிக்கு எடுத்து வைப்பது போன்ற ஏற்பாடு இது.

புற்றணுக்களின் கையில் இந்தக் குப்பைப் பை தபால் பையாகிவிடுகிறது. அவை அனுப்பும் எக்சோசோம்களில் புரதமும், மரபுச் செய்தியைத் தாங்கும் ஆர்.என்.ஏ.வும் இருக்கும். எந்த உறுப்பில் போய் ஒட்டுவது என்பதைக் குமிழின் மேல் இருக்கும் இன்டெக்ரின் புரதங்கள் தீர்மானிக்கக்கூடும் என்று 2015இல் நியூயார்க்கில் டேவிட் லைடன் குழுவினர் காட்டினர். ஒருவகை இன்டெக்ரின் நுரையீரலையும், மற்றொரு வகை கல்லீரலையும் நாடியது. நோய் போய்ச் சேருமுன்பே அங்கே மண் பக்குவப்படுத்தப்படுகிறது.

இனி உங்கள் அக்காளின் காணொலிக்கு வருவோம். குமிழ் நிறைந்த அந்தப் பைக்கு முன்னால் இரண்டு வழிகள் உள்ளன: வெளிச்சவ்வுக்குப் போய்க் கொட்டுவது அல்லது லைசோசோமுக்குப் போய்ச் செரிமானமாவது. 2008இல் ஒரு வகை இரத்தப் புற்றணுக்களை ஊட்டச்சத்து இல்லாத நீர்மத்தில் வைத்துப் பார்த்தபோது, அந்தப் பைகள் தன்னுண்ணல் பைகளோடு இணைந்தன. வெளியேறும் எக்சோசோம்கள் குறைந்தன. காணொலிக்கு ஆதாரம் என்று ஏதேனும் இருந்தால் அது இப்படிப்பட்ட ஆய்வாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அது கண்ணாடித் தட்டில் வளர்த்த அணுக்களில் கண்டது.

கதை அங்கே முடிந்திருந்தால்கூட ஒருவிதமாக ஒப்புக்கொள்ளலாம். தன்னுண்ணலுக்கு இன்றியமையாத ஏ.டி.ஜி.5 என்னும் புரதம் நேர் எதிரான வேலையும் செய்வது 2017இல் தெரியவந்தது. குமிழ்ப் பையின் சவ்வில் அமிலத்தை உள்ளே ஏற்றும் ஒரு பம்பு இருக்கிறது. ஏ.டி.ஜி.5 அந்தப் பம்பின் ஒரு பாதியைக் கழற்றிவிடுகிறது. பையில் அமிலத்தன்மை குறைகிறது; அது செரிமானத்துக்குப் போகாமல் வெளிப்பக்கம் திரும்புகிறது. மார்பகப் புற்றணுக்களில் இந்தப் புரதத்தை நீக்கியபோது எக்சோசோம்களும் குறைந்தன, எலிகளில் நோய் பரவுவதும் குறைந்தது. தன்னுண்ணலின் இன்னொரு புரதமான எல்.சி.3, குமிழுக்குள் எந்தச் சரக்கை ஏற்றுவது என்று தேர்ந்தெடுக்கவே உதவுகிறது என்று 2020இல் வேறொரு குழு காட்டியது. ஆக, தபாலைக் கிழித்துப் போடும் ஆள்களில் சிலரே தபாலைக் கட்டவும் செய்கிறார்கள். பட்டினி இவர்களில் யாரை எழுப்பும் என்பது அணுவின் வகையையும் நோயின் கட்டத்தையும் பொறுத்தது. மேலும், வளர்ந்துவிட்ட கட்டிக்குத் தன்னுண்ணல் பெரும்பாலும் துணையாகவே நிற்கிறது. சத்துக் குறைந்த நேரத்தில் புற்றணு அதைக் கொண்டுதான் பிழைத்துக்கொள்கிறது.

கீமோதெரபியின்போது எடை குறைந்து தசை கரைவது மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாத கேடு. மருந்தின் அளவைக் குறைக்கவோ, அடுத்த சுற்றைத் தள்ளிப்போடவோ நேரிடலாம். அக்காளிடம் விரதத்தை விடச் சொல்லி வாதாட வேண்டாம். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது புற்றுநோய் மருத்துவரிடமும் உணவியல் நிபுணரிடமும், “ஒருவேளைதான் சாப்பிடுகிறார்” என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். முருகனுக்குச் செய்ய வேண்டியதைச் சிகிச்சை முடிந்த பிறகு அவர் செய்யட்டும்.

கேள்வி: தன்னுண்ணல் புற்றுக்கட்டிக்குத் துணை நிற்கிறது என்றால், அதை மருந்தால் நிறுத்திவிடலாமே? மலேரியா மாத்திரைக்கு அந்தச் சக்தி உண்டு என்கிறார்களே?
— வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: நீங்கள் சொல்வது ஹைட்ராக்சிகுளோரோகுயின். அது லைசோசோமைச் செயலிழக்கச் செய்து தன்னுண்ணலைக் கடைசிப் படியில் தடுக்கிறது. புற்றுநோய் மருந்துகளோடு சேர்த்து மனிதர்களிடமும் சோதிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் செரிமான வழியை அடைத்தால் பை எங்கே போகும்? இவ்வகை மருந்துகளைக் கொடுத்த அணுக்கள் பல ஆய்வுகளில் எக்சோசோம்களைக் கூடுதலாகவே வெளியேற்றியிருக்கின்றன. கட்டியின் பிழைப்பைக் கெடுக்கப் போய் அதன் தபாலைப் பெருக்கிவிடக்கூடாது என்பதால், இரண்டு வழிகளையும் சேர்த்து அடைப்பது எப்படி என்று ஆய்வாளர்கள் பார்த்துவருகிறார்கள். இந்த மாத்திரை விழித்திரையையும் இதயத் துடிப்பையும் பாதிக்கக்கூடியது. மூட்டு நோய்க்காக வீட்டில் யாருக்கோ எழுதிக் கொடுத்த அட்டையிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டாம்.