மூளைத்தண்டுப் பக்கவாதம்: தமனிச் சுவரைப் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: சர்க்கரை நோயுள்ள என் தந்தைக்கு மூளைத்தண்டில் பக்கவாதம் வந்தது. ஆனால் ஆஞ்சியோ ஸ்கேனில் ரத்தக்குழாய்கள் நன்றாக இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். இது எப்படிச் சாத்தியம், டாக்டர்?

பதில்: அந்த ஸ்கேன் காட்டுவது ரத்தம் ஓடும் பாதையை மட்டுமே, அதைச் சூழ்ந்துள்ள சுவரை அன்று. கழுத்தின் வழியே ஏறிவரும் இரு வெர்டிப்ரல் தமனிகள் இணைந்து, சுமார் 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள பேசிலார் தமனியாகின்றன. அதிலிருந்து முடியிழை போன்ற நுண்கிளைகள் பிரிந்து, மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸுக்குள் நுழைகின்றன. சுவரில் கொழுப்பு படியும்போது தமனி பல வேளைகளில் வெளிப்புறமாக விரிந்துகொடுப்பதால், உட்பாதை குறுகுவதில்லை. படமும் பழுதின்றித் தெரிகிறது. அப்படிவு ஒரு நுண்கிளை பிரியும் வாயிலிலேயே அமைந்துவிட்டால், பெரிய தமனியில் ரத்தம் தடையின்றி ஓடிக்கொண்டிருக்க, அந்தக் கிளை மட்டும் அடைபட்டுவிடுகிறது. இறந்தவர்களின் தமனிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து நரம்பியல் மருத்துவர்களான ஃபிஷரும் காப்லனும் 1971-லேயே இதை விவரித்துவிட்டார்கள். இன்று தமனிச் சுவரையே படமெடுக்கும் உயர்தெளிவு எம்.ஆர்.ஐ. மூலம், உயிரோடிருப்பவரிடமும் அதைக் காண முடிகிறது.

கேள்வி: சிறு தமனி நோய் என்று எங்களிடம் சொன்னார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

பதில்: அல்ல. நெடுநாள் உயர் ரத்த அழுத்தத்தால் நுண்கிளையின் சுவரே தடித்துச் சிதைவது சிறு தமனி நோய். அதில் பாதிப்பு பெரும்பாலும் பான்ஸின் உட்புறத்தில் சிறு புள்ளியாக நிற்கும். பாதிப்பு பான்ஸின் முன்விளிம்பு வரை நீண்டிருந்தால், கிளையின் வாயிலில் படிவு இருக்கலாம் என்று ஐயப்பட வேண்டும். இவ்வகையில் முதல் சில நாள்களுக்குள் கைகால் பலவீனம் கூடிக்கொண்டே போகும் வாய்ப்பு அதிகம் என்பதால், நோயாளியை நெருக்கமாகக் கண்காணிக்க வேண்டும்.

கேள்வி: ஸ்டென்ட் வைத்துவிட்டால் தீர்ந்துவிடாதா?

பதில்: குறுகலே இல்லாதவருக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மூளைத் தமனியில் 70 முதல் 99 சதவீதம் வரை குறுகல் இருந்தவர்களிடம் நடத்தி, 2011-இல் வெளியான சாம்பிரிஸ் ஆய்விலேயே, 30 நாள்களுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தவர்கள் ஸ்டென்ட் பிரிவில் 14.7 சதவீதம்; தீவிர மருந்துச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 5.8 சதவீதம். பேசிலாரில் ஸ்டென்ட் விரியும்போது படிவு நகர்ந்து நுண்கிளைகளின் வாயையே மூடிவிடக்கூடும் என்பது கூடுதல் ஆபத்து.

கேள்வி: அப்படியானால் மருந்து எத்தனை காலம்?

பதில்: ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்ந்து, லேசான பக்கவாதத்திற்குப் பொதுவாக 21 நாள்கள், கடும் குறுகல் இருந்தால் 90 நாள்கள், பிறகு ஒன்று மட்டும். இரண்டையும் தாமாகவே நீட்டித்தால் ரத்தக்கசிவு நேரலாம். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தொடர வேண்டும், எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பு (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில்) 70 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது நல்லது. ஸ்கேன் அறிக்கை நன்றாயிருக்கிறதென்று அதை நிறுத்திவிடுகிறவர்களைக் கண்டால்தான் எனக்குக் கவலை.

கேள்வி: அம்மாவுக்கு அடிக்கடி தலைசுற்றுகிறது. இதுவும் அதுதானோ?

பதில்: தலைசுற்றல் மட்டுமே இருந்தால் பெரும்பாலும் காதுக் கோளாறுதான். அத்துடன் இரட்டைப் பார்வை, குழறும் பேச்சு, விழுங்குவதில் சிரமம், நடையில் திடீர்த் தள்ளாட்டம் ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இப்பகுதிப் பாதிப்பை சி.டி. ஸ்கேன் தவறவிடுவது சாதாரணம்; முதல் நாளில் எம்.ஆர்.ஐ.கூடச் சில வேளைகளில் தவறவிடும் என்பதால், அறிகுறி நீடித்தால் மறுபடியும் எடுக்கச் சொல்லுங்கள்.