முடிச்சூரா கூடுவாஞ்சேரியா? – வாசகர் கடிதமும் பதிலும்

அக்கா வணக்கம்,

நீங்க முன்னாடி முடிச்சூர் பக்கம் குடியிருந்ததா எழுதியிருந்தீங்க, அதான் உங்கள கேக்குறேன். நாங்க குரோம்பேட்டைல 11 வருஷமா வாடகை வீட்ல இருக்கோம். எனக்கு மறைமலை நகர்ல ஷிப்ட் வேலை, மனைவிக்கு கிண்டில ஆபீஸ், பொண்ணு ஆறாவது படிக்கிறா, அம்மாவுக்கு 68 ஆகுது, மூட்டு வலி. 65 லட்சம் வரைக்கும் போகலாம்னு கணக்கு போட்டு ரெண்டு இடம் பாத்து வெச்சிருக்கோம். ஒண்ணு முடிச்சூர்ல 850 சதுர அடி மனைல தனி வீடு, கட்டி எட்டு வருஷம் ஆச்சு. இன்னொண்ணு கூடுவாஞ்சேரில புது அபார்ட்மெண்ட், ரெண்டாவது மாடில 2 பெட்ரூம், ஸ்டேஷன்ல இருந்து 2 கிலோமீட்டர். மாமனார் மண்ணு நம்ம பேர்ல இருக்கணும், பிளாட்டெல்லாம் அந்தரத்துல தொங்குற சொத்துன்னு சொல்றாரு, அம்மாவுக்கும் தனி வீடுதான் ஆசை. முடிச்சூர் ஓனர் இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள ரெண்டு லட்சம் டோக்கன் கேக்குறாரு, வேற பார்ட்டி ரெடியா இருக்காம். எந்த ஏரியா நல்லதுன்னு சொல்லுங்க. என் பேர் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பிக்கு,

உங்க லெட்டர நாலு தடவ படிச்சேன். அதுல மழைன்னு ஒரு வார்த்த கூட இல்ல, அதனால அங்க இருந்தே ஆரம்பிக்கிறேன்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி நாங்க முடிச்சூர் மெயின் ரோட்டுக்கு பின்னாடி ஒரு தெருவுல வாடகைக்கு இருந்தோம். அந்த ஒரு நாள்ல தாம்பரத்துல 49 சென்டிமீட்டர் மழைன்னு பின்னாடி பேப்பர்ல படிச்சப்ப அது எவ்ளோன்னு எனக்கு புரியல, ஆனா அன்னிக்கு ராத்திரி தண்ணி எப்படி வந்துச்சுன்னு நல்லா ஞாபகம் இருக்கு. வாசல் வழியா வரல தம்பி. மொதல்ல பாத்ரூம் ஓட்டைல இருந்து கொப்புளிச்சு மேல வந்துச்சு, நாங்க துணிய வெச்சு அடைச்சோம், அடைச்சிட்டு இருக்கும்போதே சமையக்கட்டு சின்க் வழியா வந்துச்சு, அப்புறந்தான் வாசப்படி. கரண்ட் போயிடுச்சு. எங்க மாமியாருக்கும் அப்ப உங்க அம்மா வயசுதான், அவங்கள நாற்காலியோட தூக்கி எதிர் வீட்டு மாடிப்படில உக்கார வெச்சோம், ரெண்டு ராத்திரி அந்தப் படிக்கட்டுல தான் இருந்தாங்க. படகு வந்து பால் பாக்கெட் குடுத்தப்ப அத கைல வாங்கி வெச்சிக்கிட்டு அழுதாங்க. தண்ணி வடிஞ்சப்புறம் சுவத்துல ஸ்விட்ச் போர்டுக்கு சரியா ஒரு கோடு. இந்த வீட்டுக்கு வாடகைக்கு வர்றப்ப புரோக்கர் கிட்ட கேட்டோம், "இந்தத் தெருவுக்கு தண்ணியே வராதும்மா"ன்னு சொன்னாரு, நாங்களும் வேற யாரையும் கேக்கல.

செம்பரம்பாக்கம் ஏரிய தொறந்ததால தான் முடிச்சூர் முழுகிச்சுன்னு இப்பவும் நிறைய பேர் சொல்றாங்க, அது தப்பு. செம்பரம்பாக்கம் உபரி தண்ணி அடையாத்துல வந்து சேர்றது திருநீர்மலை பக்கம், அது முடிச்சூருக்கு கீழ இருக்கு. முடிச்சூர முழுகடிச்சது மேல இருந்து வந்த ஏரித் தண்ணி. அடையாறு ஆரம்பிக்கிறதே ஆதனூர் ஏரி பக்கத்துல தான். ஆதனூர், நந்திவரம், ஊரப்பாக்கம், மண்ணிவாக்கம் ஏரியெல்லாம் ரொம்பி கலங்கல் போச்சுன்னா அது இந்தப் பக்கம் தான் வரும், மணிமங்கலம் ஏரித் தண்ணியும் வரதராஜபுரம் பக்கம் வந்து சேந்துக்கும். எல்லாத்துக்கும் வழி முடிச்சூரும் வரதராஜபுரமும் தான்.

நந்திவரம்னா எதுன்னு தெரியும்ல? கூடுவாஞ்சேரியே தான், நகராட்சி பேரே நந்திவரம்-கூடுவாஞ்சேரி. நீங்க பாத்து வெச்சிருக்குற ரெண்டு ஊரும் ஒரே தண்ணியோட மேலயும் கீழயும் இருக்கு. அதனால எந்த ஏரியா நல்லதுன்னு கேட்டா என்னால ஒரு பேர சொல்லிட்டு போக முடியல. முடிச்சூர்லயே 2015ல ஒரு பக்கெட் தண்ணி கூட வராத தெரு இருக்கு, கூடுவாஞ்சேரிலயும் ஏரி உபரி போற வழில மனை போட்டு வித்த நகர்கள் இருக்கு, அங்கயும் மழைக்காலத்துல முட்டி வரைக்கும் தண்ணி நிக்குது.

முடிச்சூர்ல வேலையே நடக்கலன்னு சொல்ல மாட்டேன். ஆத்த அகலப்படுத்தினாங்க, மூடு கால்வாய் போட்டாங்க, அதுக்கப்புறம் நெலம தேவலதான். ஆனா 2021 நவம்பர்லயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் ஆத்தோரத் தெருவுல மறுபடி தண்ணி வந்துச்சு. நீங்க பாத்த வீடு கட்டி எட்டு வருஷம்னா அது 2015ஐ பாக்காத வீடு, அந்த மனை பாத்திருக்கும். அதனால ஓனர் "இந்த வீட்ல தண்ணி வந்ததே இல்ல"ன்னு சொன்னா அவரு பொய் சொல்லலன்னே வெச்சுக்கலாம், ஆனா 2021லயும் 23லயும் என்ன ஆச்சுன்னு கேளுங்க, அதுவும் அவர கேக்காதீங்க. தெருமுனைல இஸ்திரி போடுறவர், பால் பாக்கெட் போடுறவர், பக்கத்து வீட்ல வாடகைக்கு இருக்குறவங்க, இவங்கள கேளுங்க. சொந்த வீட்டுக்காரங்க சில பேர் விலை எறங்கிடும்னு பயந்து சொல்ல மாட்டாங்க, வாடகைக்கு இருக்குறவங்களுக்கு அந்த பயம் இல்ல. தண்ணி வந்துச்சான்னு கேக்காம எது வரைக்கும் வந்துச்சுன்னு கேளுங்க, கணுக்காலா முட்டியா இடுப்பான்னு எடம் காட்டி சொல்லுவாங்க, யாரும் மறந்திருக்க மாட்டாங்க.

கண்ணாலயும் பாக்கலாம். வரிசையா நாலு வீட்ல போர் மோட்டார உயரமா மேடை கட்டி அதுமேல வெச்சிருக்காங்களா, ப்ளக் பாயிண்டெல்லாம் நெஞ்சு உயரத்துக்கு தூக்கி போட்டிருக்காங்களா, கேட்டுக்கு உள்ள ஒரு முழ உயரத்துக்கு சிமெண்ட்ல தடுப்பு கட்டியிருக்காங்களான்னு பாருங்க. இதெல்லாம் இருந்தா அந்தத் தெரு அடி வாங்கின தெரு. ரோட்ல இருந்து வீட்டுக்குள்ள போக எத்தன படி ஏறுறோம்னும் எண்ணுங்க. நிறைய இடத்துல பழைய ரோட்ட சொரண்டி எடுக்காம மேலயே போட்டு போட்டு ரோடு ஒசந்துடுச்சு, எட்டு வருஷத்துக்கு முன்னாடி மூணு படி ஏறின வீட்டுக்கு இன்னிக்கு ஒரு படி தான் இருக்கும், இன்னொரு தடவ ரோடு போட்டா அதுவும் போயிடும். அதே மாதிரி அந்த சர்வே நம்பர வெச்சு கிராமத்து நிலக் கணக்கான 'அ' பதிவேட்ல நிலம் என்ன வகைன்னு பாத்துடுங்க, எஃப்எம்பி ஸ்கெட்ச்ல (நிலத்தோட அளவு வரைபடம்) பக்கத்துல வாய்க்கால் ஓடுதான்னும் பாருங்க. பட்டா இருக்குங்குறதால தண்ணி வழி மாறிடாது. (பழைய பத்திரத்துல காஞ்சிபுரம் மாவட்டம்னு இருந்தா பதற வேண்டாம், செங்கல்பட்டு 2019ல தான் தனி மாவட்டமாச்சு.)

மாமனார் சொல்றதுல நியாயம் இருக்கு, தள்ளிடாதீங்க. கட்டடம் வருஷா வருஷம் விலை கொறையும், மண்ணு தான் ஏறும், அது உண்மை. ஆனா 850 சதுர அடின்னா ஒரு கிரவுண்டுல (2400 சதுர அடி) மூணுல ஒரு பங்கு சொச்சம், அந்த மண்ணுல தண்ணி நின்னுச்சுன்னு பேர் வந்துட்டா விக்கிறப்ப வர்றவன் எல்லாம் அதையே சொல்லி அடிச்சு கேப்பான். பிளாட்லயும் மண்ணு இருக்கு, யூடிஎஸ், அதாவது மனைல உங்களுக்கு வர்ற பிரிக்காத பங்கு, எத்தன சதுர அடின்னு பத்திரத்துல எழுதுறாங்கன்னு கேட்டு மாமனார்கிட்ட அந்த நம்பர காட்டுங்க. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு நம்பர், கம்ப்ளீஷன் சர்டிபிகேட் ரெண்டும் இல்லாம பிளாட் பக்கம் போகாதீங்க. லிஃப்ட் இருக்குன்னு எழுதல, மூட்டு வலியோட ரெண்டு மாடி ஏற முடியாது, அத மொதல்ல பாருங்க.

அப்புறம் உங்க மனைவி. அவங்க எதுல விருப்பப்படுறாங்கன்னு லெட்டர்ல இல்லவே இல்ல, ஆனா தினம் கிண்டிக்கு போய்ட்டு வரப்போறது அவங்கதான். முடிச்சூருக்கு ஸ்டேஷன் கிடையாது, பெருங்களத்தூரோ தாம்பரமோ வந்து தான் ட்ரெயின் ஏறணும், சாயங்காலம் முடிச்சூர் ரோட்ல பஸ் ஊர்ந்து தான் போகும். தாம்பரத்துல ஏறினா அங்கயே கெளம்புற வண்டி நிறைய. கூடுவாஞ்சேரில ஸ்டேஷன் இருக்கு, ஆனா பாதி வண்டி தாம்பரத்தோட திரும்பிடும், செங்கல்பட்டு வண்டிக்கு காத்திருக்கணும், எறங்கினப்புறம் ராத்திரி எட்டரைக்கு அந்த 2 கிலோமீட்டர் வேற. ஷேர் ஆட்டோ அந்நேரத்துக்கு உள்ள வரைக்கும் வருமா, தெரு லைட் எரியுதான்னு நீங்க சொல்லி பிரயோஜனமில்ல. ஒரு வேலை நாள்ல ரெண்டு இடத்துல இருந்தும் அவங்களே ஆபீஸ் போய்ட்டு வரட்டும், கூட நீங்களும் போங்க. உங்களுக்கு மறைமலை நகர் கூடுவாஞ்சேரில இருந்து ரெண்டு மூணு ஸ்டேஷன் தான், அதனால உங்க சவுகரியத்துக்காக அவங்க அலைச்சல் கண்ணுக்கு தெரியாம போயிடக்கூடாது.

நான் உங்க இடத்துல இருந்தா என்ன செய்வேன்னு கேட்டா, முடிச்சூர் வீட்டுத் தெரு 2021லயும் 2023லயும் காஞ்சு கெடந்துச்சுன்னு மூணு பேர் தனித்தனியா சொல்ற வரைக்கும் அந்த வீட்ட வாங்க மாட்டேன். நீங்க நைட் ஷிப்ட்ல இருக்குற அன்னிக்கு தண்ணி வந்தா வீட்ல ஒரு கொழந்தையும் மூட்டு வலிக்காரங்களும் உங்க மனைவியும் தான். அது என் மனசுல திரும்பத் திரும்ப வருது, ஏன்னா அந்த நாற்காலிய தூக்கின கை என்னோடது, அன்னிக்கு நாங்க நாலு பேர் இருந்ததால தூக்க முடிஞ்சது. பிளாட் ரெண்டாவது மாடி, வீட்டுக்குள்ள வராது, ஆனா கீழ பார்க்கிங்லயும் லிஃப்ட் குழிலயும் தண்ணி நின்னா நாள் கணக்குல மாட்டிக்குவீங்க, அதனால அங்கயும் இதே விசாரணை தான்.

இப்ப ஆகஸ்ட். இன்னும் ரெண்டு மாசத்துல ஐப்பசி மழை ஆரம்பிச்சுடும். 11 வருஷம் வாடகை குடுத்தீங்க, இன்னொரு மூணு நாலு மாச வாடகை ஒண்ணும் பெருசு இல்ல. நல்லா மழை அடிக்கிற அன்னிக்கு ரெயின்கோட் போட்டுக்கிட்டு ரெண்டு தெருவுலயும் போய் நின்னு பாருங்க, தண்ணி எந்தப் பக்கத்துல இருந்து வருது எங்க போகுதுன்னு. ஓனர் ஏன் மழைக்கு முன்னாடி முடிக்க பாக்குறாருன்னு எனக்கு தெரியாது, அவருக்கு நெஜமாவே பண முடை இருக்கலாம். வேற பார்ட்டி வாங்கிட்டா வாங்கிட்டு போகட்டும்.

வீட்டு நம்பர் வேண்டாம், அந்தத் தெரு பேர மட்டும் எனக்கு அனுப்புங்க. எங்க பழைய எதிர் வீட்டுக்காரங்க இன்னும் அங்கதான் இருக்காங்க, அவங்களுக்கு அந்தப் பக்கம் தெரு தெருவா தெரியும், கேட்டு சனிக்கிழமைக்குள்ள சொல்றேன். அது வரைக்கும் டோக்கன் மட்டும் குடுத்துடாதீங்க.

அன்புடன்,
அக்கா