அசலும் வட்டியும்

கேள்வி: நண்பர்கள் நால்வர் காரில் பிள்ளையார்பட்டி, கானாடுகாத்தான் எல்லாம் பார்த்துவரப் புறப்படுகிறோம். மதியச் சாப்பாட்டுக்குப் பெரிய ஓட்டல் வேண்டாம். காரைக்குடியில் தெருவுக்குள் இருக்கும் சிறிய மெஸ்ஸாக, அசல் செட்டிநாட்டுச் சாப்பாடு கிடைக்கும் இடமாக ஒன்று சொல்லுங்களேன்.
– வாசகர் ஒருவர், திருப்பூர்

பதில்: காரைக்குடிக்குப் போகிறவர் 'அசல்' என்ற சொல்லைச் சற்றுப் பார்த்துத்தான் புழங்க வேண்டும். மற்ற ஊர்களில் அதற்கு எதிர்ச்சொல் 'போலி'. அந்த ஊரில் அதற்கு ஜோடி 'வட்டி'. மூன்றாண்டுக் கணக்குக்குக் கப்பலேறி, ரங்கூன் பக்கம் பெட்டியடியில் உட்கார்ந்து, நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தவர்களின் சீமை அது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. நெல் விலை விழுந்து, கடன் வாங்கியவர்கள் பணமாகத் திருப்ப வழியின்றி வயலாகவே கொடுத்துவிட்டுப் போனதில், 1938இல் அது 25 பங்காயிற்று. வயலைச் சுருட்டிக் கப்பலில் ஏற்ற முடியுமா? 1942இல் ஜப்பானியர் வந்தபோது பலர் கையில் கிடைத்ததோடு நடந்தே ஊர் திரும்பினார்கள். விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமை ஆக்கியது. அசல் அங்கேயே நின்றுபோனது. இங்கே வந்து சேர்ந்தது கவுனி என்கிற கறுப்பரிசி. விருந்துப் பந்தியில் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் சேர்த்து இலையோரத்தில் கருநீலமாக ஒரு கரண்டி வைக்கிறார்களே, அதை வட்டி வரவு என்று எழுதிக்கொள்வது என் வழக்கம்.

சொல்லும் அசல் அன்று. அரபியில் 'அஸ்ல்' என்றால் வேர். 'நகல்' என்பதும் அங்கிருந்து வந்ததுதான். சாப்பாட்டை மட்டும் சொல்வானேன்? மிளகாய், போர்த்துகீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்திறங்கியது; மிளகைப் போல் உறைத்ததால் அதற்கு மிளகாய் என்று பெயர் வைத்தோம், அதாவது பெயரிலேயே நகல். அன்னாசிப்பூ சீனத்துச் சரக்கு. இவையெல்லாம் அம்மியில் ஒன்றாக அரைபட்டுப் பல தலைமுறையான பிறகு பிறப்புச் சான்றிதழ் கேட்பது அழகல்ல. ஆனால் மிளகாய்ப்பொடியை அள்ளிக் கொட்டி, இரண்டு விரற்கடை எண்ணெய் மிதக்கவிட்டு, பூக்கோசுக்கு முன்னால்கூட 'செட்டிநாடு' என்று பலகை எழுதும் நகரத்து ஓட்டல்காரர்களை நான் இந்தப் பக்கத்தில் திட்டுவதை நிறுத்தப்போவதில்லை. அதைப் போலவே, நான் 'மெஸ்' என்று எழுதினால் 'சிற்றுணவகம்' என்று திருத்தும் எங்கள் பிழைதிருத்துநரோடு உள்ள வழக்கும் நிலுவையில்தான் இருக்கிறது. இந்தப் பக்கம் அச்சேறும்வரை நான் அவர் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நாங்களும் உங்களைப் போல நால்வராகத்தான் போனோம். வைரவன்பட்டிக் கோயிலில் ஒரு நண்பர் தூண் தூணாக நின்றுவிட்டதால், காரைக்குடியில் அந்த மெஸ்ஸுக்குள் நுழையும்போது மணி இரண்டரை. பெஞ்சுகளைக் கழுவிச் சாய்த்து வைத்திருந்தார்கள். "கறியெல்லாம் தீந்துபோச்சு. மண்டி இருக்கு, பரவாயில்லைன்னா உக்காருங்க" என்றார் ஆச்சி. மண்டி என்பது, அரிசியை இரண்டாம் முறை களைந்த தண்ணீரில் புளியைக் கரைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாயோடு வெண்டைக்காயை வதக்கி அதில் கொதிக்கவிட்டது. பார்வைக்குக் கலங்கலாக, ஒரு நிறமும் இல்லாமல் இருந்தது. முதல் கவளத்தோடு பேச்சு நின்றது. கடைசியில் அவரவர் இலையை விரலால் வழித்துக்கொண்டிருந்தபோது, தூண் பார்த்த நண்பர் உங்கள் கேள்வியைக் கேட்டார்: "ஆச்சி, இது அசல் செட்டிநாட்டுச் சமையல்தானே?" ஆச்சி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது வெண்டிக்கா மண்டிப்பா" என்றார்.

மண்டிக்குக் காசு வாங்க மாட்டேன், சோற்றுக்கு மட்டும் கொடுங்கள் என்று அவர் சொன்னதில் தொகை குறைந்துபோய், எங்களுக்குள் தகராறு கூடிற்று. நால்வரில் ஒருவர் தணிக்கையாளர். தொகையை நான்கால் வகுத்தார். மற்ற மூவரும் கொடுத்துவிட்டார்கள், என் பங்கில் இரண்டு ரூபாய் சில்லறை இல்லை. அன்று தொட்டு ஒவ்வொரு பொங்கலுக்கும் அவரிடமிருந்து ஒரு அஞ்சலட்டை வருகிறது: அசல் ரூ. 2, நாளது தேதி வரை வட்டி இவ்வளவு, வட்டிக்கு வட்டி இவ்வளவு என்று, கீழே கோடிட்ட கையெழுத்தோடு. இதுவரை அனுப்பிய அட்டைகளின் விலையே அசலைத் தாண்டிவிட்டது என்று ஒருமுறை பதில் எழுதினேன். அடுத்த பொங்கலில் அந்தச் செலவும் என் பற்றில் ஏறியிருந்தது. நான் கட்டுவதாக இல்லை. கட்டினால் அட்டை நின்றுபோகும்.

மெஸ்ஸின் பெயரைக் கேட்டீர்கள். எழுதினால் அடுத்த வாரமே அங்கே பலகை மாட்டி, மண்டியில் மிளகாய்ப்பொடி விழுந்துவிடும் என்பதால் சொல்லமாட்டேன். காரைக்குடிக் கடைத்தெருவில் யாரிடமாவது அவர் எங்கே சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். எங்கே சாப்பிடலாம் என்று கேட்காதீர்கள், பெரிய ஓட்டலுக்கு வழி காட்டிவிடுவார். ஒரு மணிக்குள் போய்விடுங்கள். எங்களைப் போல் இரண்டரைக்குப் போனால் மண்டி கிடைக்கும் என்று மட்டும் நம்பிவிட வேண்டாம். அன்று நாங்கள் நால்வரும் வழித்துச் சாப்பிட்டது ஆச்சி வீட்டாருக்கென்று எடுத்து வைத்திருந்த பங்கு என்பது, கை கழுவப் பின்கட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது.