கறுத்த மீனும் சங்கத் தலைமையும்

கேள்வி: தொட்டியில் எட்டுத் திலாப்பியா விட்டேன். ஓர் ஆண் மட்டும் கறுத்துப்போய் மற்றவற்றை மூலைக்குத் துரத்துகிறது. தசைப்பலம் உள்ளதே தலைவன் என்பது இயற்கை விதி. எங்கள் குளத்து மீனவர் சங்கத்துக்கு மட்டும் தேர்தல் எதற்கு?
வாசகர், கிளிநொச்சி

பதில்: தேர்தலில் தோற்கப்போகிறவர் எழுதிய கடிதம் மாதிரி இருக்கிறது. சரி, மீனுக்கு வருவோம்.

கறுத்ததைப் பிடித்து இரண்டு நாள் வேறு வாளியில் விட்டுப் பாருங்கள். மூலையில் வெளிறிக் கிடந்த இன்னொன்று கறுக்கத் தொடங்கும். ஆபிரிக்காவின் தங்கனிக்கா ஏரியில் இதற்கு ஓர் ஒன்றுவிட்ட சொந்தம் உண்டு. அங்கே பெரியவர் இல்லாமல் போன சில நிமிடங்களிலேயே அடுத்தவருக்கு நிறமும் ரோசமும் வந்துவிடும். சில நிமிடத்தில் தசை வளருமா?

உருவம் பெரிதென்றால் வெல்வது சுலபம்தான், மறுக்கவில்லை. சமமானவை மோதும்போதுதான் சங்கதி இருக்கிறது. அது விளங்க, மீன் சதை இரண்டு வகை என்று தெரிய வேண்டும். சூரையை வெட்டினால் கருஞ்சிவப்புச் சதை. அது ஒட்சிசனை எரித்து நாள் முழுக்க நீந்துவதற்கானது. விராலிலும் திலாப்பியாவிலும் பெரும்பகுதி வெள்ளைச் சதை. திடீர்ப் பாய்ச்சலுக்கு அது கிளைக்கோஜன் என்ற பெயரில் சேமித்த மாச்சத்தை ஒட்சிசன் இல்லாமலே எரிக்கும். வாயோடு வாய் கவ்வி இழுபறிப்படும்போது அந்தச் சேமிப்புக் கரைந்து லக்டிக் அமிலம் ஏறுகிறது. வென்றதுக்கும் ஏறும், தோற்றதுக்கு இன்னும் அதிகமாக ஏறும். பழைய நிலைக்கு வரப் பல மணிநேரம் எடுக்கும்.

நீங்கள் தலைகீழாகப் பிடித்த இடம் இதற்குப் பிறகு வருகிறது. தோற்ற மீனுக்குக் கோர்ட்டிசோல் என்ற அழுத்த ஹோர்மோன் ஏறியே கிடக்கும், தீனியும் சரியாக எடுக்காது, வளர்ச்சி குன்றும். சில மாதம் கழித்து நீங்கள் வந்து பார்த்து, “இது சின்னது, அதுதான் அடங்கிக் கிடக்கிறது” என்கிறீர்கள். அடங்கிக் கிடந்ததால்தான் ஐயா அது சின்னதாய்ப் போனது!

இன்னொன்று: ஆண் திலாப்பியா தன் தலைமையை அறிவிப்பதில் பாதி வேலை சிறுநீரால் நடக்கிறது. எதிரி முன்னால் அடிக்கடி கழித்து, அந்த வாடையால் தான் யாரென்று காட்டும். இந்த இயற்கை விதியையும் சங்கக் கூட்டத்தில் செய்து காட்டிவிடாதீர்கள்.

இரணைமடுக் குளத்தில் என்றால் தோற்ற மீன் வேறு கரைக்குப் போய்விடும், உங்கள் தொட்டியில் எங்கே போகும்? நாலு கூரை ஓட்டுத் துண்டு போட்டு மறைவு செய்து கொடுங்கள். அப்புறம், வேட்புமனுவுக்குக் கடைசித் திகதி என்றைக்கு என்றும் கேட்டு வையுங்கள்.