கூரையிலும் மேய்ச்சல் தரையிலும் சூரிய மின்சாரம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கரண்ட் போனால் எங்கள் வீட்டுச் சோலரும் நின்றுவிடுகிறது. பூட்டியவர்கள் ஏமாற்றிவிட்டார்களா? (காத்தான்குடி)

பதில்: இல்லை. பற்றரி இல்லாமல் மின்சார சபையின் கம்பியோடு நேரடியாக இணைத்த இன்வேட்டர் (பனலின் மின்சாரத்தை வீட்டுப் பாவனைக்கு ஏற்ப மாற்றும் கருவி), கம்பியில் மின்சாரம் அற்றவுடன் தானாக நின்றே ஆக வேண்டும். நிற்காவிட்டால், திருத்த வேலைக்காகக் கம்பத்தில் ஏறியவரின் உயிருக்கு ஆபத்து. மின்வெட்டிலும் விளக்கு எரிய வேண்டுமானால் பற்றரியும், அதோடு சேர்ந்து இயங்கும் ஹைபிரிட் இன்வேட்டரும் தேவை. இந்த விளக்கத்தை இப்பகுதியில் பலமுறை எழுதிவிட்டேன். விற்பவர் சொல்வது எதுவானாலும் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: சோலர் பூட்டினால் மழை குறையும், இடி விழும் என்று அயலவர்கள் தடுக்கிறார்கள். (ஆரையம்பதி)

பதில்: நமக்கு மாரி மழையைக் கொண்டுவருவது வங்காள விரிகுடாவும் வாடைக் காற்றும், கூரைக்கும் அதற்கும் தொடர்பில்லை. பனல் இடியை இழுப்பதுமில்லை. ஆனாலும் புவித்தொடுப்பும் (எர்த்) மின்னல் காப்பும் இல்லாத வேலைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு எத்தனை பனல் வேண்டும்? (களுவாஞ்சிகுடி)

பதில்: மாதம் எத்தனை அலகு பாவிக்கிறீர்கள், கூரை எந்தத் திசை பார்க்கிறது, தென்னை நிழல் விழுகிறதா என்ற மூன்றையும் எழுதாமல் இப்படிக் கேட்டால், என்னால் மட்டுமல்ல, எவராலும் பதில் சொல்ல முடியாது. பொதுவாக ஒரு கிலோவாட் பனல் தொகுதி மாதத்துக்கு 110 முதல் 120 அலகு வரை தரும். மார்கழி, தை அடைமழையில் நன்றாகவே குறையும். கடைசிப் பன்னிரண்டு மின்பட்டியல்களை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: 2025 சித்திரைப் புத்தாண்டு நாட்களில் கூரைச் சோலரைப் பகலில் நிறுத்தச் சொன்னார்கள். கடன்பட்டுப் பூட்டியவர்களை இப்படி நடத்தினால் யார் இனி நம்புவார்கள்? (அக்கரைப்பற்று)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, காரணமும் உண்மையானது. விடுமுறையில் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடிக் கிடக்க, பகலில் பாவனை விழுந்துவிடும், வெயிலோ குறையாது; தேவையின் பெரும்பங்கைச் சோலரே நிரப்பிவிடும். வலையமைப்பைத் தடுமாறாமல் தாங்குவது நீர், அனல் நிலையங்களில் சுழலும் கனமான இயந்திரங்கள்; அவை போதிய அளவு இயங்காதபோது, ஒரு சிறு பழுதுகூட முழு வலையமைப்பையும் சாய்த்துவிடும். அதே ஆண்டு பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடே இருண்டது நினைவிருக்கும். மாற்று வழி பற்றரிச் சேமிப்பும் உறுதியான கம்பி வலையும்தான்; அவற்றைச் செய்யாமல் 2030இல் 70 வீத மின்சாரம் சூரியன், காற்று, நீர் போன்ற புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து என்ற இலக்கைச் சொல்லிக்கொண்டிருப்பது போதாது. ஏன் நிறுத்த வேண்டும் என்பதை முன்கூட்டியே தமிழில், தெளிவாக, ஒவ்வொரு பாவனையாளருக்கும் எழுதி அறிவித்திருந்தால் பாதி மனக்கசப்பு எழுந்திருக்காது.

கேள்வி: எங்கள் பக்கம் சூரிய மின்நிலையம் அமைக்க வந்தால் ஊர் எதிர்க்கிறது. படிப்பறிவில்லாத மக்களை எப்படித் திருத்துவது? (படுவான்கரை)

பதில்: திருத்த வேண்டியவர்கள் மக்கள் என்ற உங்கள் எண்ணத்தை நான் அடியோடு மறுக்கிறேன். பத்து மெகாவாட் நிலையம் என்றால் முப்பது, நாற்பது ஏக்கர் வேலிக்குள் போகும். பெரும்போக நெல் வட்டையில் நிற்கும் மாதங்களில் மாடுகளை வயற்பக்கம் விட முடியாது. அப்போது அவை நிற்கும் மேட்டுத் தரைதான் பல திட்ட வரைபடங்களில் தரிசு என்று குறிக்கப்படுகிறது. அங்கே பட்டி அடைத்து, விடியுமுன் பால் கறந்து, மோட்டார் சைக்கிளில் கேன் கட்டி அனுப்பும் பண்ணையாளருக்கு நிலையம் வருவது தெரிவது ஜேசிபி வந்து நிற்கும் நாளில்தான். அதன்பின் அவர் பாதையில் அமர்ந்தால், சூரிய சக்திக்கு எதிரானவர் என்கிறார்கள். அவர் சூரியனை எதிர்க்கவில்லை; தம்மிடம் கேட்காததை எதிர்க்கிறார்.

சட்டத்திலும் இடைவெளி உண்டு. அளவை மட்டும் வைத்துப் பார்த்தால், 50 மெகாவாட்டைத் தாண்டும் நிலையங்களே 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் அங்கீகார நடைமுறைக்குள் வருகின்றன. சுற்றாடல் தாக்க மதிப்பீடு நடந்தால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 வேலை நாட்கள் கிடைக்கும். பத்து மெகாவாட் திட்டத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால், ஊரைக் கேட்பது அதிகாரிகளின் நல்ல மனதைப் பொறுத்ததாகிவிடுகிறது. 2025இல் மன்னார் மக்கள் காற்றாலைகளுக்கு எதிராக வீதிக்கு வந்ததை வெறும் அறியாமை என்று தள்ளியவர்கள், அவர்கள் முறையிட்ட வெள்ள வடிகாலையும் மீன்பிடியையும் பற்றிப் பேசவே இல்லை.

முறையாகச் செய்ய வழி இருக்கிறது. டென்மார்க்கில் கொப்பன்ஹேகனுக்கு எதிரே 2000ஆம் ஆண்டு கடலில் நட்ட 20 காற்றாலைகளில் பாதி, ஆயிரக்கணக்கான பொதுமக்கள் பங்கு வாங்கிய கூட்டுறவுக்குச் சொந்தம். அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை: நமது இங்கினியாகலையில், கல்லோயா அணைக்கட்டில், தண்ணீர் திறப்பது வயலுக்காக, சுமார் 11 மெகாவாட் மின்நிலையம் அதன் வழியில் ஓடுகிறது. வயல் முன்னே, மின்சாரம் பின்னே என்ற அந்த ஒழுங்கை மேய்ச்சல் தரைக்கும் கொண்டுவரலாம்: மாட்டுப் பாதையை விட்டு வேலி போடுவது, குளத்துக்கு வழி விடுவது, வருமானத்தில் ஒரு பங்கை ஊருக்கு ஒதுக்குவது.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், காணி யாருடையது, எத்தனை ஆண்டுக் குத்தகை, எந்த எல்லை என்று பிரதேச செயலகத்துக்கு எழுதுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். நிறுவனம் வீதி போட்டுத் தருகிறோம், வேலை தருகிறோம் என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: கடற்கரையிலிருந்து இருநூறு மீற்றரில் வீடு. உப்புக் காற்றும் புயலும் பயமாக இருக்கிறது. (கல்லடி)

பதில்: பயப்பட வேண்டியது பனலுக்கல்ல, அதைத் தாங்கும் உலோகச் சட்டத்துக்கு. அலுமினியச் சட்டம், துருப்பிடிக்காத எஃகு ஆணி, போல்ட் தவிர வேறெதையும் ஏற்காதீர்கள். 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பில் எத்தனை கூரைகளைத் தூக்கியது என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்; ஆகவே சட்டத்தை ஓட்டுக்கோ சீற்றுக்கோ பூட்டாமல், வளைக்கோ கைமரத்துக்கோ இறுக்கச் சொல்லுங்கள். பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றானால் முதலில் கூரையை மாற்றுங்கள். உப்புக் காற்றால் வரும் சேதம் உத்தரவாதத்தில் அடங்குமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.