மருத்துவ இலக்கிய மீளாய்வுக்குத் தேடல் சொற்களை எங்கிருந்து எடுப்பது?

மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் ஒரு சொல்லைப் போட்டால் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது, இன்னொன்றைச் சேர்த்தால் ஒன்றுமே வருவதில்லை, மீளாய்வுக்குத் தேடல் சொற்களை எப்படித்தான் அமைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதில் நன்றாக அடிபட்டவன்.

என் முதல் மீளாய்வு, கர்ப்பிணிகளின் இரத்தசோகைக்கு ஐ.வி. (நாளத்தின் வழியே ஏற்றும்) இரும்புச்சத்து பற்றியது. இரண்டு வாரம் மெனக்கெட்டுத் தேடலை அமைத்து வழிகாட்டியிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு கட்டுரையைச் சொல்லி, “இது வந்திருக்கா?” என்றார். வரவில்லை. அனீமியா என்பதை நான் பிரிட்டிஷ் முறையில், ‘என்’னுக்குப் பின் ‘ஏ’, ‘இ’ இரண்டும் போட்டு எழுதியிருந்தேன். அந்தக் கட்டுரையில் ‘இ’ மட்டும்தான். குறிச்சொல் எதுவும் இல்லாமல் தேடியிருந்தால் பப்மெடே இரண்டையும் சேர்த்திருக்கும். தலைப்பிலும் சுருக்கத்திலும் மட்டும் தேடு என்று குறிச்சொல் போட்டால் அந்த உதவி நின்றுவிடும். அது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அதனால் இப்போது சொற்களை என் நினைவிலிருந்து எடுப்பதில்லை. கட்டாயம் வரவேண்டிய ஐந்தாறு கட்டுரைகளை முதலில் சேர்த்துவைத்து, அவற்றை எழுதியவர்கள் என்ன சொல் வைத்தார்கள் என்று பார்க்கிறேன். சிலர் ‘அயர்ன்’ என்றே எழுதாமல் ‘ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ்’ என்று மருந்தின் பெயரோடு நிறுத்திவிடுவார்கள். ‘இன்ட்ராவீனஸ்’ இருக்கும் இடத்தில் ‘பேரன்டெரல்’ இருக்கும். பாரசிட்டமால் பற்றித் தேடுகிறவர் அசெட்டமினோஃபென்னையும் சேர்க்காவிட்டால் அமெரிக்கக் கட்டுரைகளில் பெரும்பகுதி போய்விடும்.

அதே கட்டுரைகளின் பப்மெட் பக்கத்தில் கீழே மெஷ் சொற்கள், அதாவது கட்டுரை எதைப் பற்றியது என்று தளமே சேர்க்கும் பொருள் சொற்கள், இருக்கும், அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் மெஷ் மட்டும் போதாது. புதிதாக வந்த கட்டுரைகளுக்கு அது இன்னும் சேர்க்கப்படாமல் இருக்கலாம், சில பதிவுகளுக்குச் சேர்க்கப்படுவதே இல்லை. எம்பேஸ் என்ற இன்னொரு மருத்துவக் கட்டுரைத் தளத்துக்குப் போனால் அங்கே எம்ட்ரீ என்று வேறு சொல்தொகுதி, மெஷ்ஷை அப்படியே கொண்டுபோய் ஒட்ட முடியாது.

ஒரே கருத்தைச் சொல்லும் சொற்களை ‘ஆர்’ (அல்லது) போட்டு ஓர் அடைப்புக்குறிக்குள் வையுங்கள், கருத்துகளுக்கு இடையே ‘ஆண்ட்’ (மற்றும்). அடைப்புக்குறியை விட்டுவிட்டால் பப்மெட் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போகும், நீங்கள் நினைத்த பொருள் வராது. ஆய்வுக் கேள்வியை நோயாளி, சிகிச்சை, ஒப்பீடு, விளைவு என்று பிரிக்கும் பிக்கோ சட்டகத்தின் நான்கு பகுதிகளையும் தேடலில் திணிக்காதீர்கள். நோயாளி, சிகிச்சை இரண்டுமே பெரும்பாலும் போதும். விளைவான ஹீமோகுளோபின் உயர்வைப் பற்றிச் சுருக்கத்தில் ஒரு வார்த்தைகூட எழுதாத நல்ல ஆய்வுகள் உண்டு. ‘ஒன்றுமே வருவதில்லை’ என்கிறீர்களே, அதற்கு அநேகமாக இதுதான் காரணம்.

‘நாட்’டைத் தொடவே பயப்படுங்கள். விலங்கு ஆய்வுகள் வேண்டாம் என்று ‘அனிமல்ஸ்’ஸைக் கழித்தால், மனிதர்களையும் விலங்குகளையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளும் சேர்ந்தே போகும்.

ஆனால் ஓர் இடத்தில் ‘நாட்’ அருமையாக உதவும். முதலில் சேர்த்துவைத்த அந்த ஐந்தாறு கட்டுரைகளின் பப்மெட் எண்களை ‘ஆர்’ போட்டு ஒரு வரியாக்குங்கள். அதிலிருந்து உங்கள் தேடல் முழுவதையும் ‘நாட்’ போட்டுக் கழியுங்கள். மிச்சம் நிற்பவை நீங்கள் தவறவிட்டவை. ஒவ்வொன்றையும் திறந்து எந்தச் சொல் விடுபட்டது என்று பாருங்கள், சேருங்கள், மறுபடி ஓட்டுங்கள். மிச்சம் பூஜ்யமாகும்வரை நான் விடுவதில்லை. அதன்பிறகும் ஒரு மருத்துவ நூலகரிடம் காட்டிவிடுவேன். அவர் கண்ணுக்குப் படுவது நமக்குப் படாது.

ஆயிரக்கணக்கில் வருவதைப் பற்றி அவ்வளவு கவலைப்படாதீர்கள். அதிகம் வந்தால் நேரம்தான் போகும், தலைப்பைப் பார்த்தே பாதியைத் தள்ளிவிடலாம். வராமலே போன கட்டுரையை யாரும் படிக்கப்போவதில்லை.

கடைசியாக ஒன்று: தேடிய தேதி, தளம், முழு வரி, வந்த எண்ணிக்கை எல்லாவற்றையும் அன்றன்றைக்கே தனிக் கோப்பில் ஒட்டிவையுங்கள். எட்டு மணி நேரம் தொடாமல் விட்டால் பப்மெட் தேடல் வரலாறு அழிந்துவிடும்.